கால் பேசும்போது லாரி ஹாரன், ஃபேன் சத்தத்தை வடிகட்ட காசில்லாத, திறந்த மூல மென்பொருள் எது?

கல்மண்டபம் கேட்டது

வணக்கம். ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டைப் பார்த்த முதல் மாடி. எட்டு சீட் உள்ள சின்ன கஸ்டமர் கேர் ஆபீஸ். ஆறு லேப்டாப்பில் விண்டோஸ் 10, இரண்டில் லினக்ஸ் மின்ட் 22. எல்லாமே ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு எதிலும் கிடையாது. கால் எல்லாம் குரோம் பிரவுசருக்குள் ஓடும் சாஃப்ட்போனில்தான். ஹெட்செட் 3.5 மிமீ பின் போட்ட சாதாரண வகை.

மறுமுனையில் இருப்பவர்களுக்குக் கேட்பது: ஏர் ஹாரன், ஏர் பிரேக் விடும் சத்தம், தலைக்கு மேல் ஓடும் ஃபேன், கீழே இருக்கும் மாவு மில், பக்கத்து சீட் ஆள் பேசுவது. ஹாரன் அடிக்கிற நேரத்தில் நம் ஆள் குரலும் சேர்ந்து உடைகிறது.

காசு கட்டும் மென்பொருட்கள் சீட் கணக்கில் மாத வாடகை கேட்கின்றன. இலவசப் பதிப்பில் நேரக் கட்டுப்பாடு. வாடிக்கையாளர் போன் நம்பர், முகவரி எல்லாம் பேச்சில் வருவதால் ஆடியோ வெளி சர்வருக்குப் போகவே கூடாது. ஆபீஸ் உபயோகத்துக்கு லைசென்ஸ் தகராறு இல்லாத, திறந்த மூல மென்பொருளாக வேண்டும். எது போடலாம், எப்படிப் போடலாம், எந்தச் சத்தம் போகும், எது போகாது?

---

பேசின்பிரிட்ஜ் பதில்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்க. கடையில் "நாய்ஸ் கேன்சலிங்" என்று விற்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைத்தான் குறைக்கும். எதிர்முனைக்குப் போகும் சத்தத்தை அது தொடவே தொடாது. உங்களுக்கு வேண்டியது மைக் பக்கம் வேலை செய்யும் வடிகட்டி.

அந்த வடிகட்டி திறந்த மூலமாக ஏற்கெனவே இருக்கிறது: ஆர்என்நாய்ஸ். 2017இல் ஷான்-மார்க் வாலன் வெளியிட்டது. ஓபஸ், ஸ்பீக்ஸ் கோடெக்குகளிலும் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள்) கை வைத்தவர் அவர்தான். லைசென்ஸ் பிஎஸ்டி, ஆபீசில் ஓட்டத் தடையே இல்லை. முழுக்க உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடும், நெட் தேவையில்லை. ராஸ்பெரி பை 3 மாதிரி சின்ன போர்டிலேயே ஓடக்கூடியது என்பதால் ஐ3க்கு இது ஒரு சுமையே இல்லை.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் எது போகும், எது போகாது என்று நீங்களே சொல்லிவிடலாம். விநாடிக்கு 48,000 மாதிரிகளாக வரும் ஒலியை 480 மாதிரி கொண்ட துண்டுகளாக, அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒன்றாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டையும் 22 அலைவரிசைப் பட்டைகளாகப் பிரிக்கிறது. பட்டைக்கு ஒரு எண், 0 முதல் 1 வரை, நியூரல் நெட்வொர்க் போடுகிறது. 0 என்றால் அந்தப் பட்டை மூடல், 1 என்றால் திறப்பு. எட்டு பட்டன் ஈக்வலைசரை ஒருத்தர் விநாடிக்கு நூறு தடவை ஏற்றி இறக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்க, இங்கே பட்டன் 22.

இதிலிருந்து வரும் விளைவு: ஒரே பட்டைக்குள் குரலும் சத்தமும் சேர்ந்து இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் குறையும். குரலின் ஸ்வரங்களுக்கு இடையில் இருக்கும் சத்தத்தை அரிக்க ஒரு பிட்ச் ஃபில்டரும் உள்ளே இருக்கிறது, அது கொஞ்சம் உதவும். அவ்வளவுதான்.

ஃபேன், மில், ஏசி, லாரி எஞ்சின் உறுமல் போன்ற ஒரே சீரான சத்தம் நன்றாகப் போகும். ஏர் பிரேக்கின் "புஸ்" பெரும்பாலும் போகும். ஏர் ஹாரன் பாதிதான் போகும், ஏனென்றால் அது அடிப்படை ஸ்வரமும் அதன் மடங்குகளுமாக, கிட்டத்தட்ட உயிரெழுத்தை இழுத்துச் சொல்கிற அமைப்பில் இருக்கிறது. நெட்வொர்க் சில நேரம் அதைக் குரல் என்று நினைத்து விட்டுவிடும். பக்கத்து சீட் பேச்சு போகவே போகாது. "பேச்சை வை, மற்றதை எடு" என்றுதான் அதைப் பழக்கியிருக்கிறார்கள், யார் பேச்சு என்று அதற்குத் தெரியாது.

"ஹாரன் அடிக்கையில் குரல் உடைகிறது" என்பதற்குக் காரணம் வேறு. மைக் சிக்னல் உச்சத்தைத் தாண்டி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையை எந்த வடிகட்டியும் திருப்பித் தராது. அதனால் மென்பொருள் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்க:

மைக்கை வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் வையுங்க. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 12 செ.மீ.யில் தொங்கும் மைக்கை 3 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். ரோட்டு சத்தம் அப்படியே இருக்கும், குரல் மட்டும் ஏறும். இதுக்கு ஈடான மென்பொருள் கிடையாது.

அப்புறம் விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், ரெக்கார்டிங், மைக் பிராப்பர்ட்டீஸ், லெவல்ஸ். அங்கே மைக்ரோபோன் பூஸ்ட் +20, +30 என்று இருந்தால் 0 அல்லது +10க்கு இறக்குங்க. மைக்கைக் கிட்டே கொண்டுவந்த பிறகு அந்த பூஸ்ட் தேவைப்படாது.

கடைசியாக ஒரு ஸ்பாஞ்சு உறை. ஃபேன் காத்து மைக்கில் நேராக அடிப்பது "சத்தம்" கணக்கில் வராது, அது காற்றழுத்தம். ஒரு ரூபாய் ஸ்பாஞ்சு தடுப்பதை ஆர்என்நாய்ஸ் தடுக்காது.

---

வியாசை பதில்

பேசின்பிரிட்ஜ் அண்ணன் சொன்னதை முடிச்சுட்டு விண்டோஸ் மெஷினுக்கு வாங்க. ரெண்டு வழி இருக்கு. நான் சொல்றது ஈக்வலைசர் ஏபிஓ வழி, விண்டோஸ் ஒலியைத் திருத்துற மென்பொருள். ஜிபிஎல் லைசென்ஸ், போலி மைக் எதுவும் தேவைப்படாது, மைக் மேலேயே உட்கார்ந்துக்கும். 4 ஜிபி மெஷினுக்கு இதுதான் லேசு.

வேண்டியது ரெண்டு ஃபைல்: ஈக்வலைசர் ஏபிஓ 64 பிட் இன்ஸ்டாலர், அப்புறம் "நாய்ஸ் சப்ரஷன் ஃபார் வாய்ஸ்" என்ற பிளகின். இது ஆர்என்நாய்ஸை விஎஸ்டிங்கிற ஆடியோ பிளகின் வடிவத்துல கட்டித் தர்றது. அதுல விஎஸ்டி2, 64 பிட், மோனோ பதிப்பை எடுங்க. விஎஸ்டி3யை ஈக்வலைசர் ஏபிஓ எடுத்துக்காது, நிறைய பேர் இங்கதான் மாட்டிக்குவாங்க. ரெண்டையும் அவங்கவங்க அதிகாரப்பூர்வப் பக்கத்துலேருந்தே இறக்குங்க, வேற டவுன்லோடு சைட் வேணாம்.

1. மைக் பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போங்க. ஃபார்மட்டை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் ஆக்குங்க. 1 சேனல் கிடைச்சா அதையே எடுங்க. 44100ல விட்டா இந்த பிளகின் சரியா ஓடாது. அதே பக்கத்துல "எக்ஸ்க்ளூசிவ் கன்ட்ரோல்" டிக்கை எடுத்துடுங்க. ஒரு ஆப் மைக்கைத் தனியா பிடிச்சுக்கிட்டா வடிகட்டியைத் தாண்டிப் போயிடும்.

2. என்ஹான்ஸ்மென்ட்ஸ் டேபுல "எல்லாத்தையும் டிசேபிள் பண்ணு" டிக் இருக்கக்கூடாது. ஈக்வலைசர் ஏபிஓவே ஒரு என்ஹான்ஸ்மென்ட்தான், அதை டிசேபிள் பண்ணா இதுவும் சேர்ந்து செத்துடும்.

3. ஈக்வலைசர் ஏபிஓ இன்ஸ்டால் பண்ணும்போது கடைசியில டிவைஸ் லிஸ்ட் வரும். பிளேபேக் டேபைத் தொடாதீங்க. கேப்சர் டேபுல ஹெட்செட் மைக்கை மட்டும் டிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட்.

4. பிளகின் ஃபைலை ஈக்வலைசர் ஏபிஓ ஃபோல்டருக்குள்ள இருக்கிற விஎஸ்டி பிளகின்ஸ் ஃபோல்டர்ல போடுங்க. டெஸ்க்டாப்லயோ டவுன்லோட்ஸ்லயோ வச்சா வேலை செய்யாது. விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் வேற ஒரு குறைஞ்ச அதிகாரக் கணக்குல ஓடுது, உங்க யூசர் ஃபோல்டரை அதால படிக்க முடியாது. எர்ரர் எதுவும் சொல்லாது, சும்மா இருக்கும்.

5. கான்ஃபிகரேஷன் எடிட்டரைத் திறங்க. ஏற்கெனவே இருக்கிற எக்ஸாம்பிள் வரியையும் ப்ரீஆம்ப் வரியையும் நீக்குங்க. அது பாட்டு கேட்க வச்ச சாம்பிள், மைக்குக்கு வேணாம். பச்சை பிளஸ், ஃபில்டர், ஹை பாஸ் (சொன்ன அளவுக்குக் கீழ இருக்கிற ஒலியை வெட்டுறது), 150 ஹெர்ட்ஸ். அதுக்குக் கீழ பிளஸ், பிளகின்ஸ், விஎஸ்டி பிளகின், அந்த ஃபைல்.

6. பேனலைத் திறந்தா மூணு அளவு இருக்கும். விஏடி த்ரெஷோல்டு (பேச்சுன்னு எடுத்துக்கிற சதவீத எல்லை): 85ல ஆரம்பிங்க. கிரேஸ் பீரியட் (பேச்சு நின்ன பிறகும் திறந்து வைக்கிற நேரம்): 200 மில்லி விநாடி. ரெட்ரோஆக்டிவ் கிரேஸ்: 0. கடைசியா சொன்னதை ஏத்துனா வார்த்தையோட ஆரம்பம் வெட்டுப்படாது, ஆனா ஏத்துற அளவுக்கு அப்படியே தாமதம் சேரும்.

150 ஹெர்ட்ஸ்ல வெட்டுறது அதிகம்னு நினைக்காதீங்க. சாதாரண டெலிபோன் லைன் 300லேருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கடத்தும். லாரி உறுமலோட பெரும் பகுதி அதுக்குக் கீழதான் இருக்கு. ஆர்என்நாய்ஸுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே அதை வெட்டிட்டா அதுக்கு வேலை சுலபம்.

வேலை செய்யுதான்னு பார்க்க: ஆடாசிட்டியில 10 விநாடி சும்மா இருங்க, 10 விநாடி பேசுங்க, 10 விநாடி பேசிக்கிட்டே மேசையில பேனாவைத் தட்டுங்க. சும்மா இருக்கும்போது கோடு படுத்திருக்கணும். பேசும்போது உச்சம் −12 டெசிபல் பக்கம் இருந்தா போதும். 0ஐத் தொட்டா பூஸ்ட்டை இன்னும் இறக்குங்க.

---

மின்ட்தெரு பதில்

லினக்ஸ் மின்ட் 22 என்றால் உள்ளே ஒலியைக் கையாள பைப்வயர்தான் ஓடுகிறது, எனவே அதன் மேல் வடிகட்டிகளைச் சேர்க்கும் ஈஸி எஃபெக்ட்ஸ் போதும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் பதிப்பை நிறுவுங்கள். திறந்ததும் இன்புட் டேபுக்கு வாருங்கள், பலரும் அவுட்புட் டேபிலேயே வடிகட்டியைச் சேர்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்கிறார்கள். எஃபெக்ட்ஸில் முதலில் ஃபில்டர், ஹை பாஸ், 150 ஹெர்ட்ஸ். அடுத்து நாய்ஸ் ரிடக்ஷன், இதுதான் ஆர்என்நாய்ஸ். கடைசியில் வேண்டுமானால் லிமிட்டர். கம்ப்ரஸரை நாய்ஸ் ரிடக்ஷனுக்கு முன்னால் போடாதீர்கள். அது தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடும், அதாவது ஃபேன் சத்தத்தைத் தூக்கி வடிகட்டியின் வாயில் கொடுக்கும்.

சாஃப்ட்போன் அமைப்பில் மைக் பட்டியலில் "ஈஸி எஃபெக்ட்ஸ் சோர்ஸ்" என்று ஒன்று வரும், அதைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் டீஃபால்ட்டை உண்மையான மைக்கிலேயே விட்டுவிடுங்கள். அமைத்ததை ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, லாகின் ஆனதும் பின்னணியில் தொடங்கும் விருப்பத்தை ப்ரிஃபரன்சஸில் இயக்கினால் ஆள் யாரும் தொட வேண்டியதில்லை.

அதே பட்டியலில் டீப்ஃபில்டர்நெட் என்ற நியூரல் நெட்வொர்க் அடிப்படையிலான இன்னொரு வடிகட்டியும் இருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் உருவானது, எம்ஐடி, அப்பாச்சி இரட்டை லைசென்ஸ். குரலின் இயல்பு ஆர்என்நாய்ஸைவிட நன்றாக நிற்கும், ஹாரனையும் கூடுதலாகக் குறைக்கும். விலை: சிபியு அதிகம், தாமதம் 40 மில்லி விநாடி. ஒருவழித் தாமதம் மொத்தம் 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் (ஐடியு-டி) ஜி.114 பரிந்துரை, நெட்வொர்க்கையும் சேர்த்துப் பார்த்தால் 40 தாங்கும். ஐ3யில் குரோமில் பத்து டேப் திறந்து வைத்தபடி இதை ஓட்டினால் சிபியு மூச்சு வாங்கி, ஒலி விட்டு விட்டு வரும். ஒரு சீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு பக்கக் குறிப்பு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. சாஃப்ட்போன் குரோமுக்குள்தான் ஓடுகிறது என்றால் அந்த ஆறு மெஷினும் விண்டோஸில் இருக்க என்ன கட்டாயம்? ஒலி வேலைக்கு மட்டும் பார்த்தாலும் மின்ட்டில் இது ஐந்து நிமிட வேலை.

---

கல்மண்டபம் மறுபடி

எல்லாருக்கும் நன்றி. ஃபேன், மில் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. மீதி நிற்பவை:

விண்டோஸ் சீட்டுகளில் வாக்கியத்தின் கடைசி விழுங்கப்படுகிறது. "சொல்லுங்க", "பார்க்கிறேங்க" என்றால் அந்த "ங்க" எதிர்முனைக்குப் போவதில்லை. மரியாதை இல்லாமல் பேசுகிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் கோபப்பட்டுவிட்டார்.

இரண்டு சீட்டில் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

கரண்ட் போய் இன்வர்ட்டர் ஓடும்போது ஒரு லேப்டாப்பில் மட்டும் "ங்ங்" என்று ஒரு இரைச்சல்.

ஹாரன் இன்னும் கேட்கிறது, முன்பைவிடக் குறைவு.

---

பேசின்பிரிட்ஜ் பதில்

"ங்க" விழுவதற்குக் காரணம் விஏடி. அது "இந்தத் துண்டில் பேச்சு இருக்க எவ்வளவு வாய்ப்பு" என்று ஒரு சதவீதம் போடும், த்ரெஷோல்டுக்குக் கீழே போனால் கதவை மூடிவிடும். நம் ஆட்கள் வாக்கியத்தை முடிக்கும்போது குரலைத் தாழ்த்தித்தான் முடிப்பார்கள், மூக்கொலியும் மெல்லிய "அ"வும் சதவீதத்தில் கீழே இறங்கிவிடுகின்றன. த்ரெஷோல்டை 85இலிருந்து 60க்கு இறக்குங்க, கிரேஸ் பீரியடை 350 ஆக்குங்க. அப்போதும் விழுந்தால் 50, 400. அதற்கு மேல் கிரேஸை ஏற்றினால் நீங்கள் நிறுத்திய பிறகு அரை விநாடி ரோட்டு சத்தம் வால் மாதிரி தொங்கும்.

தண்ணீருக்குள் குரல் என்பது இரட்டை வடிகட்டி. குரோமில் கால் பேச உதவும் வெப்ஆர்டிசிக்குள்ளேயே ஒரு நாய்ஸ் சப்ரஷன், எதிரொலி நீக்கம், ஆட்டோ கெயின் (மைக் அளவைத் தானே கூட்டிக் குறைப்பது) மூன்றும் உண்டு. ஆர்என்நாய்ஸ் அரித்த குரலை அது மறுபடி அரிக்கிறது. சாஃப்ட்போன் செட்டிங்கில் நாய்ஸ் சப்ரஷனை அணையுங்க, ஆட்டோ கெயினையும் அணையுங்க. எதிரொலி நீக்கத்தை மட்டும் விட்டுவைக்கலாம், ஹெட்செட் என்பதால் அதற்குப் பெரிய வேலை இருக்காது. அந்த இரண்டு லேப்டாப்பிலும் தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்த ஆடியோ மென்பொருள் ஏதாவது சிஸ்டம் ட்ரேயில் உட்கார்ந்து மூன்றாவது வடிகட்டியை ஓட்டுகிறதா என்றும் பாருங்க.

ஹாரனில் ஒரு பங்கு இந்த ஆட்டோ கெயினால்தான். நம் ஆள் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது "குரல் சின்னதாக இருக்கிறதே" என்று அது மைக் அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் ஹாரனை அமுக்கினால் சிக்னல் உச்சத்தில் இடிக்கும். அணைத்துவிட்டுப் பாருங்க, அந்த உடைப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

---

எண்ணூர்எலக்ட்ரிக் பதில்

இன்வர்ட்டர் இரைச்சலுக்கு மென்பொருளில் தீர்வு தேடாதீங்க. அந்த லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒரு கால் பேசச் சொல்லுங்க. இரைச்சல் நின்றால் காரணம் சார்ஜர் வழி. ரெண்டு பின் அடாப்டர் போட்டிருக்கா, இல்லை மூன்று பின் இருந்தும் பிளக் பாயின்ட்டில் எர்த் கம்பி வரவில்லையா என்று பாருங்க. எர்த் இல்லாத லேப்டாப்பில் கசியும் மின்சாரம் 3.5 மிமீ மைக் கம்பிக்குள் புகுந்துவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர் என்றால் இது மும்மடங்கு. 50 ஹெர்ட்ஸோடு நிற்காமல் 150, 250, 350 என்று ஏறிக்கொண்டே போகும், நீங்க போட்ட 150 ஹை பாஸ் அடியைத்தான் வெட்டும், மேலே இருப்பதெல்லாம் குரல் பட்டைக்குள் வந்துவிடும்.

எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சரி பண்ணுங்க, இது ஒலிக்காக மட்டும் இல்லை, ஆளுக்கே ஷாக் அடிக்கும் விஷயம். உடனடித் தீர்வு யுஎஸ்பி சவுண்ட் கார்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும். வாங்கும்போது மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஓட்டையா, ஒரே ஓட்டையா என்று உங்கள் ஹெட்செட் பின்னைப் பார்த்து வாங்குங்க. மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒரே ஓட்டை வகை. மாற்றி வாங்கினால் மைக் வேலை செய்யாது.

புளூடூத் ஹெட்செட்டுக்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. மைக் ஓடும் முறையில் புளூடூத் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 48க்குப் பழகிய ஆர்என்நாய்ஸுக்கு மேல் பகுதி காலியாக வரும், குரலைக் கண்டுபிடிப்பதில் தடுமாறும்.

---

காசிமேட்டுக்காத்து பதில்

எல்லாம் சரி, ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு நல்ல எஞ்சின் ஓசியில இருக்கும்போது, கிளிக் பண்ணா போட்டுக்கிற மாதிரி ஒரு திறந்த மூல ஆப் விண்டோஸுக்கு ஏன் இல்ல? ஆறு ஸ்டெப் யாரு செய்வா? கடையில ஸ்கேன் பண்ற புள்ளைங்க செய்யுமா?

---

மின்ட்தெரு பதில்

சத்தத்தை எடுப்பது கடினம் என்பதால் இல்லை. எடுத்த பிறகு சுத்தமான குரலை எங்கே ஊற்றுவது என்பதுதான் முட்டுக்கட்டை.

கால் ஆப்புகள் "மைக்" என்று விண்டோஸ் காட்டும் ஒன்றிலிருந்துதான் கேட்கும். எனவே வடிகட்டி ஆப் ஒரு போலி மைக்கை உருவாக்கியாக வேண்டும். லினக்ஸில் பைப்வயர் அதைச் சாதாரண யூசர் உரிமையிலேயே செய்து தருகிறது, அதனால்தான் அங்கே ஈஸி எஃபெக்ட்ஸும் நாய்ஸ்டார்ச் என்ற இன்னொரு வடிகட்டி ஆப்பும் இருக்கின்றன. மேக்கில் பிளாக்ஹோல் என்ற ஜிபிஎல் டிரைவர் இருக்கிறது. விண்டோஸில் போலி மைக் என்றால் கெர்னல் டிரைவர், அதாவது சிஸ்டத்தின் உள்மையத்தில் ஓடும் நிரல், எழுத வேண்டும். விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து புதிய கெர்னல் டிரைவருக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம் கட்டாயம். அந்த வாசலுக்குள் போக ஈவி சான்றிதழ் (எழுதியவர் யாரென்று கூடுதலாகச் சரிபார்த்துத் தரும் டிஜிட்டல் சான்று) வேண்டும், அதைப் பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான் தருவார்கள், தனி ஆளுக்கு இல்லை. காலாவதி ஆக ஆகப் பணமும் கட்ட வேண்டும். மாலை நேரத்தில் ஓசியாகக் கோடு எழுதுகிறவர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார். நிரலுக்கு நன்கொடை கேட்பதைவிட இந்தக் கையொப்பச் செலவை ஏற்க ஒரு அமைப்பு முன்வந்தால் உங்கள் கிளிக் ஆப் வந்துவிடும்.

இப்போதைக்கு கிளிக் கணக்கில் குறைவான வழி, வீடியோ பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படும் ஓபிஎஸ் ஸ்டூடியோ. ஓபிஎஸ் திறந்த மூலம். கூட விபி-கேபிள் என்ற போலி ஒலிக்கம்பி வேண்டும், அது நன்கொடை முறையில் கிடைத்தாலும் திறந்த மூலம் இல்லை, கல்மண்டபம் போட்ட நிபந்தனையில் இடிக்கும். ஓபிஎஸ் மிக்சரில் மைக்கின் ஃபில்டர்ஸில் நாய்ஸ் சப்ரஷன், முறை ஆர்என்நாய்ஸ். அட்வான்ஸ்டு ஆடியோவில் "மானிட்டர் ஒன்லி". செட்டிங்ஸ் ஆடியோவில் மானிட்டரிங் டிவைஸ் "கேபிள் இன்புட்". சாஃப்ட்போனில் மைக் "கேபிள் அவுட்புட்". டெஸ்க்டாப் ஆடியோவைக் கட்டாயம் டிசேபிள் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் மிக்சரில் புகுந்து குழப்பும். பிரிவ்யூவை அணைத்து, எஃப்பிஎஸ்ஸை 10க்கு இறக்கினால் 4 ஜிபியிலும் நகரும். நாள் முழுக்க ஓடினால் மானிட்டரிங் தாமதம் ஏறிக்கொண்டே போவதுண்டு, மானிட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். எட்டு மணி நேரக் கால் வேலைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் குறிப்பிட்ட ஆபீசுக்கு இதைவிட நேர்வழி ஒன்று இருக்கிறது. சாஃப்ட்போன் குரோமுக்குள்தான் ஓடுகிறது. ஆர்என்நாய்ஸை வெப்அசெம்பிளியாக (பிரவுசர் ஓட்டக்கூடிய நிரல் வடிவம்) மாற்றி பிரவுசருக்குள்ளேயே ஓட்டலாம், ஜிட்சி மீட் என்ற வீடியோ கால் மென்பொருள் அப்படித்தான் வைத்திருக்கிறது, அதன் நிரல் அப்பாச்சி லைசென்ஸில் திறந்தே கிடக்கிறது. டிரைவர் வேண்டாம், போலி மைக் வேண்டாம், கையொப்பம் வேண்டாம். மைக் சிக்னல் பிரவுசரை விட்டு வெளியேறும் முன்பே சுத்தமாகிவிடும். சாஃப்ட்போன் தரும் நிறுவனத்துக்கு டிக்கெட் போடும்போது "சத்தம் வருகிறது" என்று எழுதாதீர்கள். "ஆடியோ வொர்க்லெட்டில் ஆர்என்நாய்ஸ் சேர்த்துக் கொடுங்கள், லைசென்ஸ் பிஎஸ்டி" என்று எழுதுங்கள். ஆடியோ வொர்க்லெட் என்பது பிரவுசருக்குள் ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளும் பகுதி. அவர்கள் ஆள் புரியாமல் கேட்டால் இதையும் சொல்லுங்கள்: வொர்க்லெட் 128 மாதிரிகளாகத் தரும், ஆர்என்நாய்ஸ் 480 கேட்கும், நடுவில் ஒரு சுற்று பஃபர் வேண்டும். ஆடியோ கான்டெக்ஸ்டை 48000இல் பூட்ட வேண்டும். உலாவியின் சொந்த நாய்ஸ் சப்ரஷனை மைக் கேட்கும் இடத்திலேயே அணைக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவருக்கு இது பெரிய வேலை இல்லை.

---

வியாசை பதில்

ஹாரனுக்கு இன்னொரு வழி, பொறுமை இருக்கிறவங்களுக்கு. ஆர்என்நாய்ஸைத் திரும்பப் பழக்கலாம், பழக்குற நிரலும் கூடவே கிடைக்குது. அதுக்கு சுத்தமான பேச்சு ஒரு பக்கம், வெறும் சத்தம் ஒரு பக்கம், ரெண்டும் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. நிரல் ரெண்டையும் வேற வேற அளவுல கலந்து பாடம் எடுக்கும்.

தமிழ்ப் பேச்சுக்கு ஓபன்எஸ்எல்ஆர் தளத்துல 65ஆவது தொகுப்பு இருக்கு, 48 கிலோஹெர்ட்ஸ்ல பதிவானது, உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ். மொசில்லா காமன் வாய்ஸ்லயும் தமிழ் உண்டு, ஆனா அது அவங்கவங்க வீட்டு மைக்ல பேசி எம்பி3ஆ சேர்த்தது. அதை "சுத்தமான பேச்சு"ன்னு கொடுத்தா பின்னாடி ஓடுற ஃபேனையும் குரல்னு கத்துக்கும். சத்தத்துக்கு நம்ம ஏரியாவே போதும். ஏர் ஹாரன், ரிவர்ஸ் ஹாரன், ஏர் பிரேக், கொருக்குப்பேட்டை ரயில், விசைப்படகு எஞ்சின், குக்கர் விசில். வேவ் ஃபார்மட்ல எடுங்க, போன்ல எடுத்தா அதோட சொந்த வடிகட்டி ஓடாத ரெக்கார்டர் ஆப் வேணும். மனுசக் குரல் ஒரு துளி கலந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்க. குரலை அழிக்கக் கத்துக்கிட்டா மொத்தமும் போச்சு, அதோட கேக்காம ஒருத்தர் பேச்சைப் பதிவு பண்றதும் தப்பு. பழக்க ஜிபியு உள்ள மெஷின் வேணும், ஓட்ட வேணாம்.

---

கல்மண்டபம் மறுபடி

த்ரெஷோல்டு 60, கிரேஸ் 350 வைத்ததில் "ங்க" முழுதாகப் போகிறது. ஆட்டோ கெயினை அணைத்ததும் உடைப்பு நின்றது. சாஃப்ட்போன்காரர்களுக்கு மின்ட்தெரு எழுதிக் கொடுத்தபடியே டிக்கெட் போட்டாச்சு. கடைசியாக இரண்டு. பக்கத்து சீட் பேச்சுக்கு என்ன வழி? சிம் வழியாகப் பேசும் மொபைல் கால்களுக்கு ஏதாவது ஆப் உண்டா?

---

பேசின்பிரிட்ஜ் பதில்

மொபைல் சிம் காலுக்குக் கிடையாது. மைக்கிலிருந்து மோடத்துக்குப் போகும் வழியில் வேறு ஆப் நுழைய ஆண்ட்ராய்டு விடாது. பிளே ஸ்டோரில் அப்படிச் சொல்லி வரும் ஆப்புகளைப் போடாதீங்க, மைக் அனுமதி வாங்கிக்கொண்டு விளம்பரம் காட்டும், அவ்வளவே. போனின் அடியிலும் மேலேயும் உள்ள மைக் ஓட்டைகளைக் கவர் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்க, மேலே உள்ளது சத்தத்தை அளக்கும் இரண்டாவது மைக். அதை மூடினால் போனின் சொந்த வடிகட்டி குருடாகிவிடும்.

பக்கத்து சீட்டுக்கு உட்காரும் முறைதான். இருவர் எதிரெதிராக உட்காராமல் முதுகுக்கு முதுகு. மைக் பூமை (மைக்கைத் தாங்கும் தண்டு) எல்லாரும் ஒரே பக்கம் வைக்காமல், சுவர் பக்கம் திரும்பியபடி. அடுத்த தடவை ஹெட்செட் வாங்கும்போது ஒருதிசை மைக் உள்ளதாக, பூம் தண்டு வாய் வரை எட்டுவதாக வாங்குங்க. டைல்ஸ் தரை, காலிச் சுவர் என்றால் குரல் சுற்றிச் சுற்றி வரும், ஆர்என்நாய்ஸ் அந்த எதிரொலியை எடுக்காது. நடுவில் பழைய ஜமுக்காளம் இரண்டைத் தடுப்பாகக் கட்டித் தொங்கவிடுங்க. சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு ஜாண் தள்ளித் தொங்கினால் கூடுதலாக உறிஞ்சும்.

---

வியாசை பதில்

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டோம். விண்டோஸ் அப்டேட்டோ ரியல்டெக் டிரைவர் அப்டேட்டோ வந்தா ஈக்வலைசர் ஏபிஓ பதிவு சத்தமில்லாம கழண்டுடும். திடீர்னு ஒரு சீட்ல ஃபேன் சத்தம் திரும்ப வந்துச்சுன்னா முதல்ல டிவைஸ் செலக்டரைத் திறந்து கேப்சர் டேபுல டிக் இருக்கான்னு பாருங்க. இருந்தும் ஓடலேன்னா கீழ ட்ரபிள்ஷூட்டிங் டிக்கைப் போட்டு, எஸ்எஃப்எக்ஸ்/ஈஎஃப்எக்ஸ் முறைக்கு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு மெஷின்ல சரி பண்ண கான்ஃபிக் ஃபைலை மத்த அஞ்சுக்கும் அப்படியே காப்பி பண்ணலாம், பிளகின் ஃபைல் மட்டும் எல்லாத்துலயும் ஒரே ஃபோல்டர்ல இருக்கணும்.